கார்பன் ஃபைபர் இறக்கை பால்சாவை விடக் கனமாக வந்திருக்கிறது, எங்கே தவறு?

மேகவாசி:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக பால்சா மரத்திலும் ஃபோமிலும் கிளைடர் (மோட்டார் இல்லாத ரிமோட் விமானம்) செய்து பறக்கவிட்டு வருகிறேன், கார்பன் துணியில் கை வைத்தது இதுதான் முதல் முறை. 1.5 மீட்டர் இறக்கை, நுனியைப் பிடித்து உடம்போடு சுழன்று எறிகிற வகை. ஃபோமில் கோர் (இறக்கையின் உள்பகுதி) வெட்டி மேலேயும் கீழேயும் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெசவுத் துணி ஒவ்வொரு அடுக்கு ஒட்டினேன். பிரஷ்ஷால் எபாக்சி ரெசின் (துணியோடு சேர்ந்து இறுகும் பிசின்) தடவி, பிளாஸ்டிக் தாள் விரித்து, ஃபோம் வெட்டியபோது மிஞ்சிய மேல் கீழ் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினேன். மறுநாள் பிரித்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு, வளைத்தால் வளையவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். தராசில் வைத்தேன், 290 கிராம். இதே அளவில் முன்பு செய்த பால்சா இறக்கை 170 கிராம்தான். போட்டிகளில் இந்த வகை கிளைடர் முழுசாகவே 300 கிராமுக்குள் பறக்கிறது. கார்பன் என்றால் லேசு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? துணியில் தவறா, ரெசினிலா, ஃபோமிலா?

இன்னொன்று, பின் விளிம்பு பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நகத்தால் அழுத்தினால் பதிகிறது. மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இருக்கிறது.

நேர்கோடு:

இறக்கைப் பரப்பு எவ்வளவு? ஒட்டுவதற்கு முன் கோரை எடை போட்டீர்களா?

மேகவாசி:

பரப்பு 22 சதுர டெசிமீட்டர். கோர் 45 கிராம். துணியை எடை போடவில்லை, ரெசினையும் தேவைப்படத் தேவைப்படக் கலந்துகொண்டே இருந்தேன், மொத்தம் எவ்வளவு போனது என்று கணக்கில்லை.

நேர்கோடு:

அப்படியானால் கணக்கைப் பின்னாலிருந்து போடலாம். மேலும் கீழும் சேர்த்து 0.44 சதுர மீட்டர், 200 கிராம் துணி என்றால் 88 கிராம். கோர் 45. இரண்டும் 133. மீதி 157 கிராமும் ரெசின். அதாவது கோரை விட்டுவிட்டுப் பார்த்தால் உங்கள் இறக்கையின் தோலில் 64 சதவீதம் ரெசின், 36 சதவீதம்தான் கார்பன். நீங்கள் செய்திருப்பது கார்பன் கலந்த எபாக்சி இறக்கை.

கையால் ஒட்டும்போது துணிக்குச் சம எடை ரெசின் என்பது கவனமாக வேலை செய்கிற யாருக்கும் எட்டுகிற அளவு. அந்த அளவில் நின்றிருந்தால் ரெசின் 88, இறக்கை 221. துணி 55, ரெசின் 45 என்ற விகிதம் வந்திருந்தால் 205. அப்போதும் உங்கள் பால்சாவை விட அதிகம்தான், அதற்குக் காரணம் துணியின் தேர்வு, அதை அப்புறம் பேசலாம். ஆனால் முதல் 70 கிராம் முழுக்க முழுக்க பிரஷ் செய்த வேலை.

இறுகிய எபாக்சியின் விறைப்பு 3 கிகாபாஸ்கல் அளவில் இருக்கும், சாதாரண கார்பன் இழை 230. கூடுதலாகத் தடவிய ஒவ்வொரு கிராமும் இழைகளுக்கு வெளியே பளபளப்பாக உட்கார்ந்திருக்கிறது, அது சுமக்கிறது மிகக் கொஞ்சம். பளபளப்பைப் பார்த்து சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பளபளப்புதான் எடை.

உப்புத்தாள்:

தம்பி, அந்த மெத்தென்ற இடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். கடைசியில் கப்பில் ஒட்டியிருந்ததை வழித்துத் தடவிய இடம் அதுதானே? கப்பின் சுவரிலும் அடிமூலையிலும் ஒட்டியிருக்கும் ரெசினில் ஹார்டனர் (ரெசினை இறுக வைக்க அதோடு கலக்கும் திரவம்) சரியாகக் கலந்திருக்காது. அதை வழித்துப் போட்டால் அந்த இடம் மட்டும் என்றைக்கும் இறுகாது, வெயிலில் வைத்தாலும் இறுகாது. ஒரு கப்பில் நன்றாகக் கலக்கி, அதை இன்னொரு சுத்தமான கப்புக்கு ஊற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கப்பில் ஒட்டியிருப்பதை வழிக்கவே வேண்டாம், அப்படியே போகட்டும்.

எப்படி அளந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பாட்டிலில் 100க்கு 40 என்று எடைக்குப் போட்டிருப்பார்கள், அதைச் சிரிஞ்சில் கனஅளவாக அளந்தால் கணக்கு தவறிவிடும், ஏனென்றால் ஹார்டனர் பொதுவாக ரெசினை விட லேசு.

மேகவாசி:

ஆமாம் அண்ணா, வழித்துப் போட்ட இடம்தான். தராசில்தான் அளந்தேன், சமையலறைத் தராசு, ஒரு கிராம் வரை காட்டும். ஒவ்வொரு தடவையும் 10 கிராம் ரெசின், 4 கிராம் ஹார்டனர். ஒரு தடவை சீக்கிரம் இறுகட்டும் என்று இரண்டு சொட்டு ஹார்டனர் அதிகமாக விட்டேன்.

நேர்கோடு:

ஒரு கிராம் காட்டும் தராசில் 4 என்று தெரிந்தால் உள்ளே 3.5 இருக்கலாம், 4.5ம் இருக்கலாம். எட்டில் ஒரு பங்கு வரை பிழை. சிறு மாடல் வேலைக்கு 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் முடியாது, வேறு எந்தக் கருவிக்கும் முன்னால் இதை வாங்குங்கள்.

ஹார்டனரை அதிகம் விட்டால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் ரெசினோடு வந்த பழக்கம். அதில் விடுவது வினையைத் தூண்டுகிற பொருள், கொஞ்சம் கூடினால் வேகம் கூடும். எபாக்சியில் ஹார்டனரே வினையில் பாதி. ஒவ்வொரு ரெசின் மூலக்கூறுக்கும் அதற்குரிய ஹார்டனர் வேண்டும், மிஞ்சினது ஜோடி கிடைக்காமல் உள்ளேயே மெத்தென்று நிற்கும். சீக்கிரம் இறுக வேண்டுமானால் வேகமான ஹார்டனர் வாங்குங்கள், இல்லையென்றால் அறையைச் சூடாக்குங்கள், 10 டிகிரி ஏறினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும்.

தட்டான்:

இவ்வளவு சிரமம் எதற்கு, வேக்யூம் பை போட்டால், அதாவது பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டால், எல்லாம் சரியாகிவிடும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் பை, ஓரம் ஒட்ட ஒரு டேப், அவ்வளவுதான். நான் டிரோன் கைகளும் தட்டுகளும் அப்படித்தான் செய்கிறேன். புத்தகம் அடுக்கி ஒட்டிய கார்பனை யாரிடம் காட்டினாலும் கனமாகத்தான் இருக்கும்.

உப்புத்தாள்:

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னுடைய முதல் பன்னிரண்டு இறக்கைகள் வேக்யூம் இல்லாமல் செய்தவை, அதில் பாதிக்கு மேல் இன்னும் பறக்கின்றன. வேக்யூம் நல்லதுதான், இப்போது நானும் போடுகிறேன், ஆனால் மேகவாசியின் பிரச்சினை வேக்யூம் இல்லாததால் வந்ததில்லை. இறக்கைக்கு மைலார் தாள் (வழவழப்பான பிளாஸ்டிக் தாள்) வைத்துப் பை போடும்போது மிஞ்சின ரெசின் போக வழியே கிடையாது. துணிக்கு இந்தப் பக்கம் ஃபோம், அந்தப் பக்கம் மைலார். 157 கிராம் ஊற்றிவிட்டுப் பை போட்டால் விளிம்பில் கொஞ்சம் வழியும், பெரும்பகுதி உள்ளேதான் இருக்கும். ரெசினை உறிஞ்ச பீல் பிளையும் (ரெசினைக் கசியவிட்டு, இறுகியபின் உரித்தெடுக்கும் துணி) அதற்கு மேலே உறிஞ்சும் துணியும் போட்டால் கதை வேறு, ஆனால் அப்போது வெளிப்புறம் சொரசொரப்பாக வரும், கிளைடர் இறக்கைக்கு அது ஆகாது. ஆகவே பை போட்டாலும் போடாவிட்டாலும் ரெசினை ஒட்டுவதற்கு முன்னால்தான் குறைக்க முடியும்.

நேர்கோடு:

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அழுத்தத்தின் அளவு தெரிந்தால் பேச்சு தெளிவாகும். 22 சதுர டெசிமீட்டர் மேல் முழு வெற்றிடம் என்றால் காற்று அழுத்துவது ஏறக்குறைய 2,200 கிலோ. புத்தகம் 20 கிலோ வைத்திருப்பார், அதில் நூறில் ஒரு பங்கு. அந்த 20 கிலோ, துணி ஃபோமை விட்டு எழாமல் பிடித்துக்கொள்ளப் போதும், ரெசினைப் பிழிந்து வெளியேற்றப் போதாது.

ஆனால் தட்டான், டிரோன் தட்டுக்கு முழு வெற்றிடம் போடலாம், வெள்ளை தெர்மோகோல் கோருக்குப் போட்டால் இறக்கை மெலிந்துபோகும். மூன்றில் ஒரு பங்கு வைத்தாலே 700 கிலோவுக்கு மேல். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த வால்வும் மானியும் இல்லாமல் ஃபோம் இறக்கையைப் பையில் போட வேண்டாம்.

தட்டான்:

சரி, அது எனக்குத் தோன்றவில்லை. என் வேலையில் ஃபோம் வருவதே இல்லை. அப்படியானால் ரெசினை முன்னாலேயே எப்படிக் குறைக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள், எனக்கும் வேண்டும்.

உப்புத்தாள்:

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மேசை மேல் ஒரு பாலிதீன் தாளை டேப் போட்டு இழுத்து ஒட்டுகிறேன். அதன் எடையை முன்பே குறித்திருப்பேன். துணியை வேண்டிய அளவை விட இரண்டு விரல் பெரிதாக வெட்டி எடை பார்த்து, தாள் மேல் சுருக்கமில்லாமல் விரிக்கிறேன். துணி 40 கிராம் என்றால் ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து 45 கிராமுக்கு மேல் கலக்கவே மாட்டேன். கையில் மிச்சம் இருந்தால் ஊற்றத்தான் தோன்றும், யாருக்கும் அப்படித்தான். கலக்கியதும் கப்பிலேயே வைக்காமல் துணி மேல் கோடு கோடாக ஊற்றிவிட வேண்டும். ஆழமான கப்பில் நிறைய ரெசின் நின்றால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும்.

பிரஷ் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் ஓரத்தை உப்புத்தாளில் மழுக்கி அதால் இழுங்கள். முதல் தடவை மெதுவாக, ரெசினைப் பரப்புவதற்கு மட்டும். அப்புறம் பத்து நிமிடம் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் பொறுப்பதில்லை, இழைகள் குடிக்க நேரம் வேண்டும், குடிப்பதற்குள் காய்ந்த இடம் தெரிகிறதே என்று மேலும் ஊற்றிவிடுகிறார்கள். கண்ணாடி இழைத் துணியில் நனைந்த இடம் ஒளி ஊடுருவி மறைந்துவிடும், நனையாதது வெள்ளையாகத் தெரியும். கார்பன் எப்போதும் கறுப்பு, அதனால் ஏமாற்றும். டார்ச்சை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திச் சாய்வாக அடித்துப் பாருங்கள், நனையாத இழை வெள்ளிச் சாம்பலாக மினுங்கும், நனைந்தது அடர்ந்த கறுப்பாக இருக்கும்.

பத்து நிமிடம் கழித்து அட்டையை நிமிர்த்திப் பிடித்து ஒரே திசையில், இழைக்கு இணையாக இழுங்கள். முன்னால் அலையாகச் சேருவதை ஓரத்துக்குத் தள்ளித் துடைத்துவிடுங்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை. டிஷ்யூ காகித உருளை ஒன்றை எடுத்து, பிரிக்காமல், துணி மேல் உருட்டுங்கள், அழுத்தாமல், அதன் சொந்த எடையில். காகிதம் ஈரமானால் அந்தச் சுற்றைக் கிழித்துவிட்டு மறுபடி உருட்டுங்கள். முதலில் துணி மேல் ஒரு வழவழப்பு இருக்கும், விளக்கின் பிம்பம் அதில் முழுதாகத் தெரியும். இரண்டு மூன்று தடவை உருட்டியதும் பிம்பம் உடைந்து ஒவ்வொரு நெசவுக் கட்டத்திலும் ஒரு சிறு புள்ளியாக மின்னும். அந்த நிலையில் நிறுத்துங்கள். தாளோடு தூக்கி எடை பாருங்கள், துணிக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ ரெசின் நிற்கும். இன்னும் உருட்டினால் புள்ளியும் போய் மங்கலாகிவிடும், அப்போது இழைகளுக்கு நடுவே காற்று புகுந்திருக்கும், அது அளவு மீறல்.

இந்த நிலையில் பாலிதீன் தாளோடு சேர்த்தே கத்தரியால் வடிவம் வெட்டுங்கள். துணியை மட்டும் வெட்டினால் ஓர இழை கழன்று வரும், தாளோடு வெட்டினால் ஒரு இழையும் நகராது. அப்படியே தாளைப் பிடித்துத் தூக்கிக் கோர் மேல் கவிழ்த்து அழுத்தி, தாளை உரித்துவிட்டு மைலாரை வையுங்கள். மைலாருக்கு முன்பே வேக்ஸ் பூசித் துடைத்திருக்க வேண்டும், ஒரு பூச்சு போதாது, நான்கைந்து.

மேகவாசி:

அண்ணா, இதை அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டப் போகிறேன். ஒரு சந்தேகம், கோர் ரெசினைக் குடிக்காதா?

உப்புத்தாள்:

குடிக்கும். தெர்மோகோல் மணிகளுக்கு நடுவில் பள்ளங்கள் இருக்கும், அதில் இறங்குகிற ரெசினால் பலன் இல்லை. ரெசினில் மைக்ரோபலூன் தூளை (உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டைகள்) கெட்டியாகப் பிசைந்து, ஒட்டுவதற்குச் சற்று முன் கோர் மேல் இழுத்து மட்டமாக வழித்துவிடுங்கள், பள்ளத்தில் மட்டும் நிற்க வேண்டும். இரண்டு மூன்று கிராமில் முடிந்துவிடும். பாலியெஸ்டர் ரெசினை மட்டும் அந்த ஃபோம் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதிலுள்ள ஸ்டைரீன் ஃபோமைக் கரைத்துவிடும்.

நேர்கோடு:

இப்போது துணிக்கு வரலாம். 200 கிராம் துணி இந்த இறக்கைக்குத் தேவையில்லை. அதோடு எந்தத் திசையில் ஒட்டினீர்கள்? இழை இறக்கையின் நீளத்துக்கு இணையாகவா?

மேகவாசி:

ஆமாம், நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. அப்படித்தானே துணி இருக்கிறது.

நேர்கோடு:

அந்தக் குறுக்கு இழை, அதாவது துணியின் பாதி, உங்கள் இறக்கையில் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. இறக்கைக்கு இரண்டு வேலை. ஒன்று மேல்நோக்கி வளையாமல் இருப்பது, அதற்கு நீளவாக்கில் ஓடும் இழை, அதுவும் இறக்கை தடிமனாக இருக்கிற இடத்தில் ஒரு பட்டையாக இருந்தால் போதும். இன்னொன்று முறுக்காமல் இருப்பது, அதற்கு 45 டிகிரியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழை, அது இறக்கை முழுவதும் தோலாக வேண்டும். நீங்கள் நுனியைப் பிடித்துச் சுழற்றி எறிகிறவர், உங்களுக்கு முறுக்குதான் பெரிய எதிரி.

என் யோசனை: இழைக்கற்றையைத் தட்டையாக விரித்து நெய்த ஸ்ப்ரெட் டோ துணி, 80 கிராம், 45 டிகிரியில். இரண்டு பக்கமும் சேர்த்து 35 கிராம் துணி, 30 கிராம் ரெசின். ஒரே திசை இழைப் பட்டை 20 மில்லிமீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையில், மேலும் கீழும் ஒவ்வொன்று, 6 கிராம், ரெசினோடு 11. கோர் 45. மொத்தம் 121. நீங்கள் எறியாமல் ரப்பர் கயிற்றில் இழுத்து ஏற்றுபவராக இருந்தால் தோலுக்கு 49 கிராம் கண்ணாடி இழையே போதும் என்று சொல்லியிருப்பேன்.

சாதாரண நெசவை விட ஸ்ப்ரெட் டோ ஏன் என்றால், தடித்த கற்றைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும்போது நடுவில் குழி விழும், அந்தக் குழியை ரெசின்தான் நிரப்பும். தட்டையான பட்டையில் குழியே மிகச் சிறியது.

ஈரக்காற்று:

பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்து வருடம் கையுறை இல்லாமல் எபாக்சியில் வேலை செய்தேன், கையில் பட்டால் தின்னரால் துடைப்பேன். ஒருநாள் மணிக்கட்டில் சிவந்து தடித்தது, அடுத்த தடவை முழங்கை வரை, அதற்கடுத்த தடவை கண்ணிமை வீங்கிவிட்டது. இப்போது இறுகாத எபாக்சி இருக்கும் அறைக்குள் போனாலே முகம் அரிக்கிறது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போவதில்லை, எனக்கு இந்த வேலையே முடிந்துவிட்டது. மேகவாசி, நைட்ரைல் கையுறை போடுங்கள், கிழிந்த உடனே மாற்றுங்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான், தின்னர் ரெசினை இளக்கித் தோலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓரத்தைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும், அது ரிசீவருக்குள்ளோ மோட்டார் கண்ட்ரோலருக்குள்ளோ விழுந்தால் கருவி போய்விடும், ஆகவே தேய்க்கிற மேசையும் மின்வேலை செய்கிற மேசையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

மேகவாசி:

மிகவும் வருத்தமாக இருக்கிறது. நான் இதுவரை கையுறை இல்லாமல்தான் செய்தேன், இன்றோடு நிறுத்துகிறேன்.

தட்டான்:

என் பங்குக்கு இரண்டு விஷயம். கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைத்துவிடும், ரிசீவர் ஆன்டெனாவைக் கார்பன் உடலுக்குள் வைத்தால் தூரம் போனதும் தொடர்பு அறுந்துவிடும். மூக்குப் பகுதியைக் கண்ணாடி இழையிலோ கெவ்லரிலோ செய்யுங்கள், முடியாவிட்டால் ஆன்டெனா முனைகளையாவது வெளியே விடுங்கள். அடுத்தது வெயில். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியில் தளர ஆரம்பிக்கும், கறுப்பு இறக்கை வெயிலில் கிடந்தால் அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும். என் டிரோன் கை ஒன்று மூடிய காருக்குள் கிடந்து வளைந்துபோனது. இறக்கையின் மேல்பக்கம் மைலாரிலேயே மெல்லிய வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன் மேல் துணியை ஒட்டலாம், பெயின்ட் இறக்கையோடு வந்துவிடும்.

உப்புத்தாள்:

நல்ல யோசனை, ஆனால் பெயின்ட்டையும் எடை போடுங்கள். மேகவாசி, இறக்கைக்குப் போவதற்கு முன் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் நான்கைந்து துண்டு ஒட்டிப் பழகுங்கள். உங்களிடம் மிச்சம் இருக்கும் 200 கிராம் துணியில் அந்தச் சதுரம் சரியாக 2 கிராம். இறுகியபின் 4 கிராமுக்குக் கீழே வரும்வரை பெரிய துணியைத் தொடாதீர்கள்.

மேகவாசி (மூன்று வாரம் கழித்து):

முதல் சதுரம் 5.1 கிராம். இரண்டாவது 4.6. மூன்றாவதை 3.3க்குக் கொண்டுவந்துவிட்டேன், ஆனால் வளைத்தபோது அடுக்கு உரிந்து உலர்ந்த இழை தெரிந்தது, அண்ணா சொன்ன அந்த அளவு மீறல். நான்காவதும் ஐந்தாவதும் 3.8, 3.9. அந்த ஒற்றைப் புள்ளி மின்னும் நிலை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது.

நேற்று இறக்கையைப் பிரித்தேன். கோர் பூச்சோடு 47, துணி 36, பட்டை 6, ரெசின் 38. கூட்டினால் 127, ஓரம் வெட்டித் தேய்த்தபின் 123. நடுவைப் பிடித்து நுனியை முறுக்கினால் பழைய 290 கிராம் இறக்கையை விடக் குறைவாகத்தான் திரும்புகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வீட்டில் எல்லோரையும் முறுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

45 டிகிரியில் வெட்டிய துணியை முதல் தடவை தாள் இல்லாமல் தூக்கினேன், நீண்டு அகலம் சுருங்கிவிட்டது, அந்தத் துண்டு வீண். அப்புறம் தாளோடுதான் தூக்கினேன்.

ஒரு கேள்வி. கீழ்ப்பக்கம் நுனியருகே ஊசி முனை அளவில் பத்திருபது ஓட்டைகள் தெரிகின்றன. மேலே மெல்லிசாக ஒரு கை ரெசின் பூசிவிடட்டுமா?

உப்புத்தாள்:

வேண்டாம் தம்பி. அந்தப் பக்கம் முழுக்கப் பூசினால் பத்து கிராம் ஏறும், அதில் ஒரு பங்கு நுனியில். நெசவின் மூலையில் வரும் அந்த ஓட்டைகளால் பலம் குறையாது. ஈரம் இறங்கும் என்று பயமாக இருந்தால் மைக்ரோபலூன் பிசைந்ததை விரல்நுனியில் எடுத்துத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். கையுறையோடு.

மேகவாசி:

அப்படியே செய்தேன். 123 இன்னும் 123 ஆகவே இருக்கிறது. நாளைக் காலை காற்று எழுவதற்கு முன் எறிந்து பார்க்கிறேன்.